கடலூரில் மாவு மில் வைத்திருந்த குடும்பத்தின் கதையை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உங்கள் கொள்ளுத் தாத்தா கடலூர் முதுநகரில் மாவு மில் வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆரம்பித்ததாக வீட்டில் பேச்சு. அவருடைய தம்பி புதுச்சேரிக்குப் போய் நெல்லித்தோப்புப் பக்கம் இன்னொரு மில் போட்டார். 1970-களின் நடுவில் இரண்டுமே மூடப்பட்டன. இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு பழைய வீட்டு வரி ரசீது, ஒரு கல்யாணப் பத்திரிகை, துணியில் சுற்றி வைத்த கணக்கு நோட்டுகள். இவற்றை வைத்துக் குடும்பத்தின் தொழில் வரலாற்றை எழுத முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், பழைய பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அவர்களில் அநேகமாக எல்லோரும் தாத்தாவின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் தேட ஆரம்பிப்பார்கள். நான் எல்லோருக்கும் சொல்வது, முதலில் மில் நின்ற இடத்தைப் பிடியுங்கள் என்பதுதான்.

நம்மூரில் பெயரை வைத்துத் தேடினால் சீக்கிரமே முட்டுச்சந்தில் போய் நிற்போம். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குக் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். கோவிந்தசாமி மகன் ராமலிங்கம், ராமலிங்கம் மகன் கோவிந்தசாமி என்று அது தலைமுறை தலைமுறையாகப் போகும். ஒரு காகிதத்தில் ஆர். கோவிந்தசாமி என்று இருந்தால் அவர் தாத்தாவா பேரனா என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. மனை அப்படியில்லை. அதற்கு ஒரு சர்வே எண் உண்டு, வார்டு உண்டு, நான்கு எல்லை உண்டு. எத்தனை கை மாறினாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

அதனால் உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய சொத்து அந்த வீட்டு வரி ரசீதுதான். கடலூர் நகராட்சி 1866-இல் ஏற்பட்டது, 2021-இல்தான் மாநகராட்சி ஆனது. இடையில் கதவு எண்களைப் பலமுறை மாற்றிவிட்டார்கள். ரசீதில் இருக்கும் எண்ணைத் தெருவில் தேடிப் பயனில்லை. ரசீதில் உள்ள வார்டு, வரிவிதிப்பு எண், தெருப் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு மாநகராட்சியின் வருவாய்ப் பிரிவில் கொடுத்து, அது இன்றைக்கு எந்தச் சொத்து என்று கேளுங்கள். வாய்மொழியாகப் பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். சொத்து எது என்று தெரிந்துவிட்டால் அதன் டவுன் சர்வே எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிவிடலாம். அந்த எண் கையில் வந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

அங்கே வில்லங்கச் சான்று போடச் சொல்வீர்கள். கணினியில் வருவது பெரும்பாலும் 1975-க்குப் பிறகான பதிவுகள்தான். உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தியது. அதைக் கையால்தான் தேட வேண்டும், ஆண்டுக் கணக்கில் தேடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். அதற்கு இரண்டு அட்டவணை உண்டு, ஒன்று பெயர்வாரி, மற்றது சொத்துவாரி. 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில்கள் பதிவாகும் 3-ஆம் புத்தகம் அப்படி எல்லோருக்கும் திறந்தது அல்ல. உயில் எழுதியவர் இறந்துவிட்டார் என்று காட்ட வேண்டியிருக்கும், அதற்கான சான்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சொத்துவாரி அட்டவணையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பெயரில் எழுத்து மாறியிருந்தாலும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

பத்திர நகல் கைக்கு வந்ததும் யார் யாருக்கு விற்றார் என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கிரயப் பத்திரம் ஒரு குடும்பத்தைப் பற்றி நிறையவே பேசும். ஆரம்பத்திலேயே இன்ன ஊர், இன்ன தெருவிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், மதம், ஜீவனம், வயது என்று வரும். இந்த ஜீவனம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு பத்திரத்திலும் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கே முதல் பத்திரத்தில் விவசாயம், அடுத்ததில் வியாபாரம், அதற்கடுத்ததில் மில் சொந்தக்காரர் என்று மாறிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். அவர் எந்த ஆண்டுக்குள் தொழில் மாறினார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

அடுத்து, பணம் கைமாறிய விதம். இவ்வளவு ரொக்கம், இவ்வளவு இன்னாருக்குச் செல்ல வேண்டிய அடமானக் கடனுக்காக நிறுத்திக்கொண்டது, இவ்வளவு ஏற்கெனவே எழுதிக் கொடுத்த புரோநோட்டில் கழித்துக்கொண்டது என்று பிரித்துப் பிரித்து எழுதியிருப்பார்கள். மில்லுக்கு முதல் போட்டது யார் என்பது இந்தப் பத்தியில்தான் இருக்கும். தாத்தா கையை ஊன்றிக் கரணம் போட்டு முன்னுக்கு வந்தார் என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பத்திரத்தில் பார்த்தால் மாமனார் கொடுத்த பணம், பங்காளி விற்ற நிலம், தெருவில் இருந்த ஒரு வியாபாரியின் கடன் எல்லாம் சேர்ந்திருக்கும். அதனால் தாத்தாவின் உழைப்புக்கு ஒரு குறையும் வந்துவிடாது. ஆனால் அவரோடு நின்றவர்களின் பெயரும் வரலாற்றில் வர வேண்டும் அல்லவா?

பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் இருக்கும். அதில் சக்குபந்தி என்று நான்கெல்லை சொல்வார்கள்: இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு, வீதிக்குக் கிழக்கு என்று. மில் இருந்த மனையானால் கட்டடத்தோடு தகரக் கொட்டகை, ஆயில் இன்ஜின், மாவரைக்கும் மிஷின், ஷாப்ட், பெல்ட் வகையறா என்று சாமான்களையும் பட்டியல் போடுவதுண்டு. அந்தப் பட்டியல் இருந்தால் மில்லின் படத்தையே வரைந்துவிடலாம்.

மில் வாடகைக் கட்டடத்தில் நடந்திருந்தால் தாத்தா பெயரில் பத்திரமே இருக்காது. அப்போதும் கையை விரிக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து மனைகளின் பத்திரங்களை எடுங்கள். இன்னாருடைய மாவு மிஷினுக்கு மேற்கு என்று பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தில் எல்லையாக உங்கள் மில் வந்திருக்கலாம். அந்தப் பத்திரத்தின் தேதியில் மில் ஓடிக்கொண்டிருந்தது, அதை ஊரார் இன்னாருடையது என்று சொல்லிவந்தார்கள் என்ற இரண்டு செய்தி அந்த ஒரு வரியில் கிடைக்கும். அடுத்த வீட்டுப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அப்புறம் லைசென்ஸ். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி, இயந்திரம் வைத்து அரைக்கும் தொழிலுக்கு நகராட்சியில் ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. மில்காரர்கள் வாயில் அது டி அண்ட் ஓ லைசென்ஸ், அதாவது ஆபத்தும் தொந்தரவும் தரக்கூடிய தொழில்களுக்கான உரிமம். இயந்திரம் நிறுவவும், எத்தனை குதிரைச் சக்தி என்று சொல்லித் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கோப்புகளை நகராட்சி வெகு காலத்துக்கு வைத்திருக்காது. ஆனால் கட்டணம் கட்டிய ரசீதுகளை மில்காரர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். உங்கள் கணக்கு நோட்டுகளுக்கு நடுவில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். மாவோடு நெல் குத்தும் ஹல்லரும் இருந்திருந்தால் 1958-ஆம் ஆண்டு அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தனி உரிமம் எடுத்திருப்பார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப் பதிவேட்டில் தேடிப் பெரிய பலன் இருக்காது. மின்சாரமோ இன்ஜினோ வைத்து 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது, தெரு மில்லில் முதலாளியையும் சேர்த்து நாலைந்து பேர்தான்.

இயந்திரத்தின் ஏதாவது ஒரு பகுதி வீட்டுக் கொல்லையிலோ பழைய இரும்புக் கடையிலோ இன்னும் கிடந்தால் அதை உடனே போய்ப் பாருங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாவு மிஷினின் வார்ப்பிரும்பு உடம்பிலேயே தயாரித்த பவுண்டரியின் பெயர் எழுந்து நிற்கும். கோயம்புத்தூரில் 1920-களுக்குப் பிறகு பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் பெருகின. நம் பக்கத்து மில்களுக்குச் சாமான் அங்கிருந்தும் வந்தது. இன்ஜின் என்றால் பித்தளைத் தகடு ஒன்று ஆணி அடித்து இருக்கும். அழுக்கைச் சுரண்டாமல் கொஞ்சம் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், தேய்ந்த எழுத்தும் தெரியும். கம்பெனிப் பெயர், ஊர், குதிரைச் சக்தி, சுற்று வேகம், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். லிங்கன் நகரத்து ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி என்று போட்டிருந்தால் அந்த இன்ஜின் 1918-க்குப் பிந்தியது, ஏனென்றால் இரண்டு கம்பெனிகள் ஒன்றாகி அந்தப் பெயர் வந்ததே அந்த ஆண்டில்தான். கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் என்றால் 1946-க்குப் பிறகு. போர்க் காலத்தில் ஆரம்பித்த மில்லில் கிர்லோஸ்கர் இன்ஜின் கிடைத்தால், அது முதல் இன்ஜின் இல்லை, அதற்கு முன்னால் ஒன்று ஓடியிருக்க வேண்டும் என்று அர்த்தம். சீமை இன்ஜின்களைப் பொறுத்தவரை, வரிசை எண்ணைச் சொன்னால் எந்த ஆண்டில் செய்தது என்று சொல்லக்கூடிய ஆர்வலர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள்.

இன்ஜினிலிருந்து மோட்டாருக்கு மாறிய தேதியும் முக்கியம். மேட்டூர் நீர்மின்சாரம் 1937-இல் வந்தது, சென்னை மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1-இல் அமைந்தது. பழைய மின் அட்டையிலோ முன்பணம் கட்டிய ரசீதிலோ இணைப்பு எண்ணும் இணைப்புக் கொடுத்த நாளும் இருக்கும். கரண்ட் வந்த பிறகு ஒரு மில்லின் வாழ்க்கையே மாறும். காலையில் இன்ஜினைச் சூடேற்றிக் கிளப்பத் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார், அவர் இல்லாவிட்டால் அன்றைக்கு மில் இல்லை. சுவிட்சைத் தட்டினால் ஓடும் என்றானதும் அந்த ஆளுக்கு இடம் போய்விட்டது. உங்கள் மில்லிலும் அப்படி ஒரு இன்ஜின் டிரைவர் இருந்திருப்பார். அவர் பெயரைக் கண்டுபிடிக்காமல் வரலாற்றை முடித்துவிடாதீர்கள்.

இனி கணக்கு நோட்டுகளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை. கடலூர் மழையையும் புயலையும் பார்த்த காகிதம் அது. 2004 சுனாமியிலும் 2011 டிசம்பர் தானே புயலிலும் இந்த ஊரில் எத்தனை வீட்டுக் காகிதங்கள் போயின என்று கணக்கே கிடையாது. ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால் பிரிக்க வேண்டாம். நிழலில் காற்றாட வைத்து, தானாக விட்டுக்கொடுக்கும் பக்கத்தை மட்டும் திருப்புங்கள். திருப்பிய கையோடு படம் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யவே கூடாது, பழைய தாள் பிளாஸ்டிக்குக்குள் வெந்துபோகும்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும், லாபம் என்ற சொல்லும், புதுக் கணக்குப் போட்ட நாளும் இருக்கும். ஆண்டு பெரும்பாலும் தமிழ் ஆண்டாகத்தான் இருக்கும். உள்ளே ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள். ௷ வரவு, ௶ பற்று, ௹ ரூபாய், ௸ மேற்படி. இந்த ஏழும் பழகிவிட்டால் பக்கத்தில் பாதி புரிந்துவிடும். தமிழ் எண்களும் நடுநடுவே வரலாம்.

ஆண்டுப் பெயரில் கவனம் வேண்டும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். தாது என்று எழுதியிருந்தால் அது 1936-37 ஆகவும் இருக்கலாம், தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த 1876-77 ஆகவும் இருக்கலாம். மாவு மில் கணக்கு என்பதால் உங்களுக்குக் குழப்பம் குறைவு. பார்த்திப என்றால் 1945-46, ஜய என்றால் 1954-55 என்று எடுத்துக்கொள்ளலாம். சித்திரையில் ஆண்டு மாறும் என்பதால் தை மாசிக் கணக்கு அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி என்று இருக்கும். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும், பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல்.

தேதியே இல்லாத தாள் கிடைத்தாலும் பரவாயில்லை. ரூபாய், அணா, பை (அணாவில் 12-இல் ஒரு பங்கு) என்று மூன்று பத்தி இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்திய கணக்கு, அன்றைக்குத்தான் நயா பைசா வந்தது. வீசை, பலம், மணங்கு என்று எடை இருந்தால் அநேகமாக 1960-களின் தொடக்கத்துக்கு முந்தியது, அதற்குள் கிலோ எல்லா இடத்திலும் கட்டாயமாகிவிட்டது. பழைய வழக்கம் சில காலம் தொடர்ந்தது என்பதால் எடையைவிடக் காசு நம்பகமான அடையாளம்.

அரவைக் கூலிப் பக்கங்களில் என்ன அரைத்தார்கள் என்று மாதவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். அரிசி, கேழ்வரகு, கம்பு, உளுந்து, மிளகாய், மல்லி, சீகக்காய் என்று வரும். ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின நாட்களில் அதிரசத்துக்கும் முறுக்குக்கும் பச்சரிசி மாவு குவியும். மிளகாய்க்குத் தனி மிஷின் எப்போது வாங்கினார்கள் என்று பாருங்கள். ஒரே மிஷின் இருந்த காலத்தில் மிளகாய் அரைத்த பிறகு அரிசி கொண்டுவந்தவர்கள் நிற்க மாட்டார்கள். இரண்டாவது மிஷின் வந்தது என்றால் தொழில் நிமிர்ந்துவிட்டது என்று பொருள்.

அந்தப் பட்டியலில் கோதுமை எந்த ஆண்டில் தலைகாட்டுகிறது என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். தென்னாற்காடு மாவட்டம் நெல்லும் கம்பும் கேழ்வரகும் வேர்க்கடலையும் விளைந்த சீமை. கோதுமை நம் அடுப்புக்கு அன்றாடப் பொருள் அல்ல. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அடுத்து ரேஷன் வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமையை மணியாகக் கையில் கொடுத்தார்கள். அதை வீட்டுத் திருகைக் கல்லில் சுற்றி மாளாது, மில்லுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். போர்க் காலத்தில் மில் தொடங்கியது என்று உங்கள் வீட்டில் சொல்வது உண்மையானால், அந்த நேரத்தில் ஒரு மாவு மில்லுக்கு ஏன் தேவை வந்தது என்பதற்கு இது ஒரு காரணம். அரிசிப் பஞ்சத்தில் மக்கள் பட்ட பாடும், அதனால் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த பிழைப்பும் ஒரே பக்கத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1950-களின் நடுவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை வந்தது. இந்த ஆண்டுகளில் உங்கள் கணக்கில் கோதுமை ஏறி இறங்குகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

தம்பி புதுச்சேரிக்குப் போன கதையை வேறு வழியில் தேட வேண்டும். இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்தான், ஆனால் 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு ஆட்சி. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். அவர் எந்த ஆண்டில் போனார் என்பதுதான் முதல் கேள்வி. 1941-இல் இரண்டு அரசுகளுக்கும் இடையே சுங்க உடன்பாடு ஏற்பட்டுச் சரக்குப் போக்குவரத்து எளிதானது. 1949-இல் இந்தியா அதை முறித்துக்கொண்டது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் எல்லையில் சோதனை கடுமை, தானியமோ இயந்திரமோ நினைத்தபடி கொண்டுபோக முடியாது. அவர் 1949-க்கு முன் போயிருந்தால் இரண்டு மில்லும் ஒரே குடும்பக் கணக்கில் ஓடியிருக்கலாம். அதற்குப் பிறகு என்றால் தொழில் பிரிந்துதான் நடந்திருக்கும். உங்கள் கணக்கு நோட்டில் புதுச்சேரிப் பற்று வரவு எந்த ஆண்டோடு நிற்கிறது என்று பாருங்கள்.

பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரியில் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரியிடம், எழுதியவை. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் கொம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) வாரியாக எத்தா சிவில் என்ற குடிமக்கள் பதிவேட்டில் இருக்கும். நெல்லித்தோப்பு என்றால் இன்றைய புதுச்சேரி நகராட்சியில் விசாரிக்கத் தொடங்குங்கள். தம்பியின் பிள்ளைகள் அங்கே பிறந்திருந்தால் அந்தப் பிறப்புப் பதிவில் தகப்பனாரின் பெயர், வயது, தொழில், குடியிருப்பு, சாட்சிகள் பெயர் எல்லாம் இருக்கும். நம் பக்கத்துப் பிறப்புப் பதிவேட்டைவிட அது விரிவானது. பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். வாசகம் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே அச்சுதான், ஒன்றைப் படித்துக் காட்டச் சொன்னால் அடுத்தவற்றை நீங்களே படித்துவிடலாம். இலாசுப்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பிரிவு இருக்கிறது, அங்கே பிரெஞ்சு அரசுக் காலத்து ஆவணங்கள் உண்டு. பழைய அரசு ஆண்டு மலர்கள் பல பிரான்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கிளையில் யாராவது 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அவர்களுடைய காகிதங்கள் பிரான்சில் நாந்த் நகரத்துப் பதிவு நிலையத்தின் வழியாகக் கிடைக்கும்.

ஆட்களைப் பார்க்கும்போது எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். வயதானவர்களுக்கு வருஷம் நினைவிருக்காது, கேட்டால் உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். நீங்கள் மாவரைக்கப் போனபோது இன்ஜின் சத்தமா மோட்டாரா? கூலி அணாவிலா பைசாவிலா? உங்களுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்ததா? 1972 டிசம்பர் புயலில் கொட்டகை பறந்ததா? இப்படிக் கேட்டால் ஆண்டு தானே வந்து விழும். குடும்பத்தாரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கல் கொத்த வந்தவர், பெல்ட் தைத்தவர், எதிர்ச் சாரியில் கடை வைத்திருந்தவர், தலையில் கூடையோடு வரிசையில் நின்ற பெண்கள் ஆகியோருக்குத் தெரிந்தது முதலாளி வீட்டாருக்குத் தெரியாது. எடையில் கை வைத்தாரா, ஏழைக்குக் கூலி விட்டுக்கொடுத்தாரா, யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிற்க வைத்தார்கள் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். கசப்பான பதில் வந்தாலும் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் தம்பியும் கூட்டாகத் தொழில் நடத்தியிருந்தால் 1932-ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டத்தில் பதிந்திருக்க வாய்ப்புண்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பதிவு கட்டாயமில்லை என்பதால் இல்லையென்றாலும் ஏமாற வேண்டாம். சொத்துத் தகராறு நீதிமன்றம் வரை போயிருந்தால் பாகப்பிரிவினை வழக்கின் வாதுரை கிடைக்கப் பாருங்கள். அதில் வம்சாவளியே வரைந்து வைத்திருப்பார்கள், சண்டை போட்டவர்கள் யாரையும் விட்டுவிட மாட்டார்கள். கோயில் கும்பாபிஷேக மலர்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் மில் விளம்பரம் இருக்கும். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலிலும் முதுநகர்க் கோயில்களிலும் உபயக் கல்வெட்டுகளைப் பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகளோடு அழைப்பிதழ், நோட்டீசு போன்றவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு இப்போதே ஓட வேண்டாம். அங்கே தேதியும் துறையும் தெரிந்து போனால்தான் பலன், அதற்குள் மற்றவை கிடைத்திருக்கும்.

உங்கள் கையில் இருக்கும் கல்யாணப் பத்திரிகையை இன்னொருமுறை எடுத்துப் பாருங்கள். கீழே தங்கள் நல்வரவை விரும்பும் என்று யார் யார் பெயர் இருக்கிறது, எந்தெந்த ஊர், பெயருக்குப் பக்கத்தில் மில் பெயர் யாருக்கெல்லாம் போட்டிருக்கிறது? மில்லில் பங்கு இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பெயரைப் போடுவார்கள். தம்பி பெயரோடு எந்த மில் பெயர் வருகிறது என்பதை வைத்து, அந்தத் தேதியில் அவர் பிரிந்துவிட்டாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

நீங்கள் எழுதியதில் கொள்ளுத் தாத்தா பெயர் இருக்கிறது, அவர் தம்பி பெயர் இருக்கிறது, இரண்டு பேருடைய பிள்ளைகள் பெயரும் இருக்கிறது. கொள்ளுப் பாட்டியின் பெயர் இல்லை. பெரியவர்களிடம் அதைக் கேட்டு, அவர் பிறந்த ஊரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். இயந்திரம் வாங்கப் பணம் புரட்டியபோது அடகுக்குப் போனது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நகை. கடன்காரர் கைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று மனையை மனைவி பெயரில் வாங்குவதும் அன்றைக்கு மிகச் சாதாரணம். அப்படி வாங்கிய பத்திரம் அட்டவணையில் தாத்தா பெயரில் வராது, இன்னார் பெண்சாதி இன்னார் என்று பாட்டியின் பெயரில்தான் வரும். பெயர்வாரி அட்டவணையைப் புரட்டச் சொல்லும்போது அந்தப் பெயரை முதலில் கொடுங்கள்.